நடுவில் வைத்தது

காலை ஆறரைக்கு நான் வரும்போது
மவுஸ் இடப்பக்கம் கிடக்கும்.
அர்மஸ் ஆறு மணிக்கே போயிருப்பான்.
நாற்காலி இரண்டு விரற்கடை உயர்ந்திருக்கும்.
விசைப்பலகை இடுக்கில் ரை ரொட்டித் துகள்.
நாலு வருஷமாய் ஒரே மேசை.
ஆளைப் பார்த்ததில்லை.
நொட்டாங்கைக்காரன், அவ்வளவுதான் தெரியும்.

வேலை இது:
கெமி நகரத்து வரைபடத்தில்
பதினாலு பனிக்கலப்பை வண்டிகள்,
பதினாலு ஆரஞ்சுப் புள்ளிகள்.
ஒன்றைப் பிடித்து இழுத்துப்
பள்ளிக்கூடத் தெருவில் விட்டால்
இருட்டில் எங்கோ ஒரு வண்டி
முனகிக்கொண்டே திரும்பும்.
ஜனவரியில் நாளைக்கு ஆயிரம் தடவை.
மணிக்கட்டுக்குள் யாரோ உட்கார்ந்து
ஊசி கோத்துக்கொண்டே இருப்பார்கள்.

போன செவ்வாய் அந்த மவுஸ் செத்தது.
இடமும் வலமும் இழுபட்டு
வயர் கழுத்தறுந்துவிட்டது.
எங்கள் ஃபின்னிஷிலும் அதற்கு எலி என்றுதான் பேர்.
வாலைப் பிடித்துத் தூக்கிக்
குப்பைக்கூடை வரை போனேன்.
அப்போதுதான் கண்ணில் பட்டது:
இடது பொத்தானில் இரண்டு தேய்மானம்.
உள்பக்கம் ஒன்று,
அது என் ஆள்காட்டி விரல்.
வெளியோரத்தில் இன்னொன்று,
அது அவன் நடுவிரலாகத்தான் இருக்க வேண்டும்.

பொத்தான்களை இடம் மாற்றிக்கொள்ள
அமைப்பு ஒன்று இருக்கிறது.
மூன்று சொடுக்கில் முடியும்.
அவன் மாற்றவில்லை.
மாற்றியிருந்தால்
காலையில் தடுமாறியிருப்பவள் நான்.

மேலாளர் ஹெல்லெவி சொன்னாள்:
ஒரு மேசைக்கு ஒரு கருவி,
தொண்ணூறு யூரோவுக்குள்,
நீயே பார்த்து வாங்கிக்கொள்.

கடையில் ஒன்று
கைகுலுக்க நீட்டிய கை மாதிரி
செங்குத்தாய் நின்றது.
பிடித்ததும் ஊசி கோக்கிறவர்
நூலைக் கீழே வைத்துவிட்டார்.
இடக்கைக்கு இது ஆகுமா?
ஆகாது, என்றாள் கடைப்பெண் வெயினி.
இடக்கைக்குத் தனி அச்சு,
வரவழைக்க மூன்று வாரம்.
விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.
பில் போடுங்கள் என்று சொல்ல
வாய் திறந்தேன் கூட.
அவன் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.
கேட்டிருந்தால் சுலபமாக மறுத்திருப்பேன்.

பக்கத்தில்
பன்னிரண்டு பொத்தான், வானவில் விளக்கு,
யாரைச் சுடுவதற்கோ ஒரு சுட்டி.
அதற்கடுத்து உள்ளங்கைக்குள் ஒளிந்துகொள்ளும்
பயணச் சில்லறைகள்.
கடைசித் தட்டில் டிராக்பால்.
இரு பக்கமும் ஒரே வடிவம்.
குழிக்குள் பில்லியர்ட்ஸ் பந்து அளவில்
பெர்ரி ஜாம் நிறக் கோளம்.
உலக உருண்டை என்று சொல்லத் தோன்றும்.
எனக்குத் தோன்றியது
எண்பத்து நாலு யூரோ என்பதுதான்.

முதல் மணி நேரத்திலேயே
ஒன்பதாம் வண்டியைப்
பொத்னியா வளைகுடாவில் கொண்டுபோய் விட்டேன்.
கடலையும் கூட்டணுமா, என்று
வானொலியில் கேட்டான் டிரைவர்.
கை பதற இழுத்து வந்தேன்,
இந்த முறை சுவீடன் எல்லை.

மாலை கிளம்பும்போது
விசைப்பலகையை மேலே தள்ளி
அதை நடுவில் வைத்தேன்.
குறிப்பேட்டில் எழுதினேன்: புதியது. வழுக்கும்.

காலையில் அது நடுவிலேயே இருந்தது.
பந்து மட்டும் காணோம்.
காகிதத் துவாலை மேல் தனியாகக் கிடந்தது,
துடைத்து, பளபளவென்று.
குறிப்பேட்டில் அவன் கோணல் எழுத்து:
சிப்ஸ் சாப்பிடுகிறாய்.

வேகம் ஏழில் வைத்திருந்தேன்.
நாலாகியிருந்தது.
நான் ஆறாக்கினேன்.
மறுநாள் நாலரை.
நான் ஐந்தரை.
இப்போது பத்து நாளாய் ஐந்து.
யார் நிறுத்தியது என்று ஞாபகமில்லை.
ஊசி கோக்கிறவர் இன்னும் வருகிறார்,
வாரத்துக்கு இரண்டு நாள்.

இன்றும் பந்தைத் தொட்டுப் பார்த்தேன்.
சில்லென்றுதான் இருந்தது.
அரை மணி நேரத்தில்
எந்தச் சூடும் போய்விடும் ஊர் இது.
வெளியே புதுப்பனி இருபது சென்டிமீட்டர்.
மூன்றாம் வண்டியை
ஆஸ்பத்திரி வாசலுக்கு உருட்டினேன்.